பாதி வழி

பாடைக்கு வெட்டி வந்த மூங்கிலைத் திருநாவுக்கரசு கங்காணி இரண்டாம் முறையும் திருப்பி அனுப்பினார்.

"வளைஞ்சிருக்கு. என் தம்பி என்ன வளைஞ்சு நெளிஞ்சா போகணும்? நேரா உள்ளதா பாத்து வெட்டிட்டு வாங்கடா."

ஆற்றோரப் புதரில் அதைவிட நேரான மூங்கில் கிடையாது என்று தூக்கி வந்த இருவருக்கும் தெரியும், கங்காணிக்கும் தெரியும். ஆனால் காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பும் குரல் அது. மறுபேச்சில்லாமல் மறுபடியும் ஆற்றுப் பக்கம் போனார்கள்.

விடிந்ததிலிருந்து அவர் உட்காரவே இல்லை. ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியிலிருந்து இராஜமாணிக்கத்தின் உடலைக் கொண்டு வந்தவர்கள், பள்ளிக்கூடத்தை ஒட்டிய வாத்தியார் வீட்டுக்குத்தான் திரும்பினார்கள். அதுதானே அவன் குடியிருந்த வீடு. இவர் பாதையில் குறுக்கே போய் நின்றார். "எங்க குடும்பத்துச் சாவு மூத்தவன் வாசல்லேருந்துதான் பொறப்படணும்" என்றார். அப்படியே இங்கே கொண்டுவந்து கூடத்தில் கிடத்தினார்கள். ஒரு வாரக் காய்ச்சல் அவனைப் பாதியாக்கியிருந்தது. மூக்குக் கண்ணாடி அழுத்திய தடம் மட்டும் மூக்கின் இரு பக்கமும் அப்படியே இருந்தது.

அந்த ஒரு வாரமும் கங்காணி மாலை தவறாமல் ஆஸ்பத்திரி வாசல்வரை போனார். உள்ளே போகவில்லை. மருந்து கொடுக்கும் டிரசரிடம் விசாரித்துவிட்டுத் திரும்பி வந்தார். அண்ணனுக்கும் தம்பிக்கும் பேச்சு நின்று மாதங்களாகியிருந்தன.

இராஜமாணிக்கம் காலையில் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தான். மாலையில் கதை எழுதினான். ஆரம்பத்தில் கங்காணிக்கு அதில் பெருமைதான். போன தீபாவளிக்கு அவனுடைய கதைகள் 'மங்கு கழுவும் நேரம்' என்று, ரப்பர் பால் பிடிக்கும் கோப்பையின் பேரில் புத்தகமாக வந்தபோது, துரையின் பங்களாவுக்கே ஒரு பிரதி கொண்டுபோய்க் கொடுத்தார். வெள்ளைக்காரனுக்குத் தமிழ் தெரியாது. அட்டையில் இருந்த தம்பியின் பெயரை விரலால் தொட்டுக் காட்டிவிட்டு வந்தார்.

பொங்கல் கழிந்து, வாரப் பத்திரிகையில் தொடர்கதை ஒன்று ஆரம்பித்தான். தலைப்பு 'கங்காணி வீட்டுக் கதவு'.

கதையில் ஒரு பெரிய கங்காணி. அவருக்கு ஒரு தங்கை. ரயில்வேயில் வேலை பார்த்த வேற்றுச் சாதிக்காரனோடு அவள் போய்விடுகிறாள். கங்காணி உயிரோடிருக்கும் தங்கைக்குத் தலை முழுகுகிறார். நல்லது கெட்டது என்றால் அவள் வந்து வாசலில் நிற்கிறாள், கதவு திறப்பதில்லை. பெயர்களை மட்டும்தான் மாற்றியிருந்தான். நிஜத்தில் கங்காணியின் தங்கை தாயம்மா போனதும், ராசா டவுனில் அவள் குடித்தனம் நடத்துவதும் தோட்டத்தில் யாரும் வாய்விட்டுப் பேசாத விஷயம். அவர் அப்படி ஆக்கி வைத்திருந்தார். தம்பி அதை அச்சில் ஏற்றி, பினாங்கிலிருந்து சிங்கப்பூர்வரை அனுப்பிவிட்டான்.

"வீட்டு மானத்தை வாரா வாரம் வித்துக்கிட்டிருக்கியேடா" என்று ஒருநாள் கேட்டார். அதுதான் அவனிடம் கடைசியாகப் பேசியது.

பத்திரிகையை அவர் தொட்டதில்லை. ஆனால் தோட்டத்து முகப்பில் இருந்த சலாவுதீன் கடையில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதை உரக்க வாசிப்பார்கள். பால் மரம் வெட்டிக் களைத்தவர்கள் பெஞ்சிலும் தரையிலும் உட்கார்ந்து கேட்பார்கள். அந்த நேரத்தில் கடைக்குப் பின்னால், அடுக்கியிருந்த சிரட்டை மூட்டைகளின் மறைவில், கங்காணி நின்றிருப்பார். ஒரு வாரமும் விட்டதில்லை. 'அடுத்த இதழில் முடியும்' என்று வாசித்து நிறுத்தியது போன வெள்ளி. அன்றைக்குத்தான் தம்பிக்குக் காய்ச்சல் கண்டிருந்தது.

"ஏங்க." மங்கம்மா உள்ளேயிருந்து வந்து கணவரின் பக்கத்தில் நின்றாள். "தாயம்மா வந்திருக்கா. மொத பஸ்ஸுலயே வந்துட்டாளாம். சலாவுதீன் கடை பெஞ்சுல உக்காந்திருக்கா."

"அதை எங்கிட்ட எதுக்குச் சொல்ற?"

"வேற யார்கிட்டச் சொல்றது? அடுப்புகிட்டச் சொல்லலாம்னா இன்னைக்கு அதுவும் எரியல." அவள் குரலைத் தணித்தாள். "செல்லம்மா கேக்கச் சொன்னா. ஒரு கை எண்ணெ வச்சிட்டுப் போகட்டுமாம். வேற எதுவும் வேணாமாம்."

செல்லம்மா தம்பியின் மனைவி. கணவனின் அண்ணன் முகத்துக்கு நேரே ஒருநாளும் பேசியதில்லை. இப்போதும் கூடத்தில் தலைமாட்டில் குனிந்து உட்கார்ந்திருந்தாள். அவள் கேட்டது இவர் காதில் விழ வேண்டுமென்றுதான் அழுகையைக்கூட நிறுத்தியிருந்தாள்.

"இந்த வாசப்படி அவ மிதிக்கக் கூடாதுன்னு மாரியாத்தா சன்னதியில சொன்னவன் நான். சொன்னது சொன்னதுதான்."

மங்கம்மா அவரை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தாள். உள்ளே போய்விட்டாள்.

உடலைக் குளிப்பாட்டும் நேரம் வந்தது. சாவுச் சடங்குகளை நடத்தித் தரும் முனியாண்டி பித்தளைக் கிண்ணியில் எண்ணெயும் தட்டில் சீயக்காயும் எடுத்து வைத்தான். உறவுமுறைகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கூப்பிட்டான். பங்காளிகள் வந்தார்கள், மாமன் மச்சான் முறைக்காரர்கள் வந்தார்கள். புறங்கையால் எண்ணெய் தொட்டுத் தலையில் வைத்துவிட்டு நகர்ந்தார்கள்.

"கூடப் பொறந்த பொம்பளைங்க யாரும் இருக்கீங்களா?" என்று முனியாண்டி குரல் கொடுத்தான். எல்லாச் சாவிலும் கேட்கிற கேள்வி. வாய் பழக்கத்தில் வந்துவிட்டது. கேட்ட பிறகுதான் எந்த வீட்டில் நிற்கிறோம் என்பது அவனுக்கு உறைத்தது. தட்டை ஏந்தியபடி அப்படியே நின்றான்.



"இல்ல" என்றார் கங்காணி. "அடுத்தது பாரு."

வெளியே வந்தார். வாசலில் போட்டிருந்த பந்தல் காலைப் பிடித்து அசைத்துப் பார்த்தார். அது உறுதியாகத்தான் இருந்தது. தப்படிக்கிறவர்கள் தோலைச் சூடு காட்டிக்கொண்டிருந்த இடத்துக்குப் போய், "ரொம்பச் சூடு ஏத்தாதீங்க, கிழியும்" என்றார். அவர்களுக்குத் தெரியாததா? தலையாட்டினார்கள். வானம் மூட்டமாக இருந்தது. மழைக்கு முன்னால் எடுத்துவிட வேண்டும். வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் நடந்தார்.

பின்னால், ரப்பர் மரங்கள் ஆரம்பிக்கும் இடத்தில், வெளியூர்க்காரர்கள் இருவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் லோபாக்கில் துணிக்கடை வைத்திருக்கும் ஹிதாயத்துல்லா. வெள்ளைத் தொப்பி, நரை கலந்த தாடி. மற்றவன் ராசாவில் தையல் தைக்கும் சன்னாசி. இருவரும் கதை எழுதுகிறவர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஹிதாயத்துல்லாவின் கடைப் பின்கட்டில் தம்பியும் இவர்களும் கூடி, எழுதியதை வாசித்துச் சண்டை போட்டுக்கொள்வார்கள் என்று கேள்வி. முதுகு காட்டி உட்கார்ந்திருந்ததால் அவர்கள் கங்காணியைப் பார்க்கவில்லை. அவர் ஒரு மரத்தடியில் நின்றார்.

"நீங்க முடிச்சா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும் பாய்" என்றான் சன்னாசி. "கடைசிப் பக்கத்துல கங்காணி திருந்திடுவாரு. எல்லாரும் கட்டிப் புடிச்சு அழுவாங்க. மழை வேற பெய்யும்."

"உன் கதை மட்டும் என்னவாம்? மூணு கதை எழுதுன. மூணுலயும் பாம்பு கடிச்சே சாவுறான். உன் கதைய வாசிக்கணும்னா செருப்புப் போட்டுக்கிட்டுத்தான் உக்கார வேண்டியிருக்கு."

சன்னாசிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தோள் துண்டை வாயில் வைத்து அடக்கினான்.

"போதும் லா, பாய். சாவு வீடு."

"வாத்தியார் இருந்தா இதுக்கு எப்படிச் சிரிச்சிருப்பாரு."

ஹிதாயத்துல்லா ஒரு ரப்பர் விதையைத் தரையில் உருட்டிக்கொண்டிருந்தார்.

"என்னால முடியுமான்னு தெரியல சன்னாசி. உடம்பு முடியாம கெடக்காரு, நீங்க முடிச்சுக் குடுங்கன்னு பத்திரிகை ஆபீசுல சொல்லிட்டாங்க. இந்த வாரத்துக்கு எட்டல, அடுத்த இதழுக்கு நாளைக்குக் குடுக்கணும். அந்தக் கதவைத் தொறக்கிறதா, வேணாமா?"

மறைந்து நின்று கேட்பது தன் தகுதிக்கு ஏற்றதில்லை என்று அப்போதுதான் நினைவு வந்ததுபோல் கங்காணி தொண்டையைச் செருமினார். இருவரும் துள்ளி எழுந்தார்கள்.

"சாவு வீட்டுல என்ன சிரிப்பு?"

"தப்புத்தான் கங்காணியாரே" என்றார் ஹிதாயத்துல்லா.

கங்காணி நகரவில்லை. அவர் கேட்டுப் பழகியவரல்ல, சொல்லிப் பழகியவர்.

"நான் கதையெல்லாம் படிக்கிறவன் இல்ல" என்று ஆரம்பித்தார். "இருந்தாலும், அவன் ஆரம்பிச்சதை அவன் முடிக்காமப் போனான்னு ஊர்ல பேச்சு வரக் கூடாது. எப்படி முடிக்கணும்னு உங்ககிட்ட ஏதாச்சும் சொன்னானா?"

ஹிதாயத்துல்லா சன்னாசியைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"கோவிச்சுக்கக் கூடாது. நீங்க கடைக்குப் பின்னால நின்னு கேக்கிறது வாத்தியாருக்குத் தெரியும்."

கங்காணியின் முகம் கல்லாகிவிட்டது.

"சலாவுதீன் சொல்லியிருந்தாரு. மூட்டைக்குப் பின்னால இருக்கிறவருக்கும் கேக்கிற மாதிரி வாசிங்கன்னு வாத்தியார் அவருகிட்டச் சொல்லி வச்சிருந்தாரு. அவ்வளவு சத்தமா எதுக்கு வாசிக்கிறாருன்னு நாங்ககூடக் கேலி பண்ணுவோம்."

எங்கோ ஒரு ரப்பர்க் காய் வெடித்து விதை சிதறியது. கங்காணி மரத்தில் பால் வெட்டிய தழும்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முடிவுக்குப் பெரிய சண்டையே நடந்துச்சு" என்றான் சன்னாசி. "கதவைத் தொறக்கச் சொல்லி பாய் சொன்னாரு. தொறக்கக் கூடாதுன்னு நான் சொன்னேன். வாத்தியார் ரெண்டு பேர் சொல்றதையும் கேட்டுட்டு, 'எங்க அண்ணனை நீங்க பாத்ததில்ல. எனக்கே தெரியாததை நான் எப்படி எழுதுறது? பாத்துட்டு எழுதுறேன்'னாரு."

"எதைப் பாத்துட்டு?"

இருவரும் தரையைப் பார்த்தார்கள்.

மூங்கில் வந்துவிட்டதென்று யாரோ கூப்பிட்டார்கள். கங்காணி திரும்பி நடந்தார். இந்த முறை வந்த மூங்கில் முதலில் வந்ததைவிடக் கோணலாக இருந்தது. அவர் அதைப் பார்க்கவே இல்லை. "கட்டுங்க" என்றார்.

பாடை கிளம்பும்போது ஹிதாயத்துல்லா 'மங்கு கழுவும் நேரம்' புத்தகத்தில் ஒன்றைக் கொண்டுவந்து தயங்கி நின்றார். கங்காணி தலையசைத்தார். தம்பியின் கைக்கருகில் வைத்தார்கள். பிள்ளை இல்லாதவனுக்குக் கங்காணியின் மகன் ராமசாமி கொள்ளிச் சட்டி தூக்கினான். தப்பு முழங்கியது. செல்லம்மாவைப் பெண்கள் தாங்கிப் பிடித்துக்கொண்டார்கள். கூட்டம் வாசலைத் தாண்டும் சமயம், கங்காணி மட்டும் மறுபடி உள்ளே போனார்.

மங்கம்மா கூடத்தைக் கழுவிவிடத் தண்ணீர்க் குடத்தோடு நின்றிருந்தாள். மூலையில் எண்ணெய்க் கிண்ணி இருந்தது. அடியில் கொஞ்சம் எண்ணெய் மிச்சம். அவர் குனிந்து அதை எடுத்தார். மேல் துண்டால் மூடிக்கொண்டார். மங்கம்மா பார்த்தாள். குடத்தை இறக்கி வைத்துவிட்டு வழிவிட்டாள்.

பெண்கள் தொழிலாளர் லயத்து முனையோடு நின்றுவிட்டார்கள். ஆண்கள் மட்டும் செம்மண் பாதையில் நடந்தார்கள். வழக்கமாக முன்னால் போகும் கங்காணி இன்று பாடையின் பக்கவாட்டில், ஒரு கையை நெஞ்சோடு சேர்த்து வைத்து நடந்தார். எண்ணெய் சிந்தாமல் நடப்பது கடினமாக இருந்தது. துண்டு கொஞ்சம் கொஞ்சமாக நனைவதை உணர்ந்தார்.

சலாவுதீன் கடை தெரிந்தது. கதவுப் பலகையைப் பாதி சாத்திவிட்டு, சலாவுதீன் கை கட்டி வெளியே நின்றிருந்தார். பெஞ்சில் ஆளில்லை. கங்காணியின் நடை தளர்ந்தது. போய்விட்டாளா? கண்கள் சாலையில் தேடின; பஸ் நிற்கும் இடத்தில் தேடின. பிறகு கடைக்குப் பின்னால் திரும்பின.

சிரட்டை மூட்டைகளின் மறைவில் ஒரு புடவைத் தலைப்புத் தெரிந்தது. தப்புச் சத்தம் கேட்டதும், அண்ணன் கண்ணில் படக் கூடாதென்று அங்கே ஒதுங்கியிருக்கிறாள். அவர் நிற்கிற அதே இடம். அங்கே நின்றால் பாதையில் போவது முழுவதும் தெரியும் என்பது அவருக்குத் தெரியும்.

"இறக்குங்க" என்றார்.

தூக்கியவர்கள் நின்றார்கள். முனியாண்டி ஓடி வந்தான்.

"முச்சந்தி இன்னும் வரலீங்களே. அங்கதானே இறக்கித் தலை மாத்துறது? அதுதானே பாதி வழி?"

"செத்தது என் தம்பி. பாதி வழி எதுன்னு எனக்குத் தெரியும். இறக்கு."

பாடையை இறக்கினார்கள். தப்பு நின்றது. கங்காணி துண்டை விலக்கி, கிண்ணியைத் தம்பியின் தலைமாட்டில் மண்ணில் வைத்தார். எழுந்து சில அடி தள்ளிப்போய், எல்லோருக்கும் முதுகு காட்டி மரங்களைப் பார்த்து நின்றார்.

"முனியாண்டி. காலையில ஒண்ணு கேட்டியே. அதைத் திருப்பிக் கேளு."

"எதைங்க?" என்றவன் கிண்ணியைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்தது. தொண்டையைச் சரிசெய்துகொண்டான். கூடத்துக்குள் கேட்டதைவிடப் பலமாக, கடைக்குப் பின்னால்வரை எட்டும்படி கேட்டான்.

"கூடப் பொறந்த பொம்பளைங்க யாரும் இருக்கீங்களா?"

கங்காணி பதில் சொல்லவில்லை.

மூட்டைகள் சரசரத்தன. செம்மண்ணில் வெறுங்கால்கள் வரும் ஓசை கேட்டது. கூட்டம் விலகியது. பெரிய ஒப்பாரி எழும் என்று அவர் உடம்பை இறுக்கிக்கொண்டு காத்திருந்தார். எழவில்லை. தூங்குகிறவனை எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல ஒரு குரல் மட்டும் வந்தது.

"சின்னண்ணே. எண்ணெ வைக்கிறேன்ண்ணே."

அவருக்கு எதிரே, மரத்தோரமாக ஒதுங்கி ஹிதாயத்துல்லா நின்றிருந்தார். அவர் பார்வை கங்காணியின் முகத்தின் மேல் இருந்தது. கங்காணி அவரை நேராகப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். ஹிதாயத்துல்லாதான் முதலில் தலை குனிந்தார்.

கோடித் துணி ஒன்று விரியும் சத்தம். பிறகு முனியாண்டியின் குரல்: "தலை மாத்தித் தூக்குங்க." பாடை எழுந்தது. தப்பு முழங்கியது. கங்காணி திரும்பாமலே கூட்டத்தின் முன்னால் போய்ச் சேர்ந்துகொண்டார்.

எல்லாம் முடிந்து ஆற்றில் முழுகி எழுந்து வரும்போதும் வானம் அப்படியேதான் இருந்தது. மழை பெய்யவில்லை. ஈர வேட்டியோடு நடந்தவரை ஹிதாயத்துல்லா எட்டிப் பிடித்தார்.

"கங்காணியாரே, நாங்க பஸ்ஸுக்குப் போறோம். நான் போய் எழுதியாகணும்."

"எழுதுங்க."

"உங்களுக்குச் சம்மதமான்னு..."

"நான் கதவைத் தொறக்கல, பாய்" என்றார் கங்காணி. "கடைசிவரைக்கும் தொறக்கல. எழுதறதா இருந்தா அதையும் எழுதுங்க. நல்லவனா ஆக்கிப்புடாதீங்க என்னைய."

ஹிதாயத்துல்லா என்னவோ சொல்ல வாயெடுத்தார். சன்னாசி அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தான்.

கடை வந்தது. பெஞ்சில் தாயம்மா உட்கார்ந்திருந்தாள். அவர் பார்க்கவில்லை, பார்க்காமலே தெரிந்தது. பெஞ்சின் ஓரத்தில் பித்தளைக் கிண்ணி, தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. அவர் அதையும் தாண்டி நடந்தார்.

"கங்காணியாரே!" சலாவுதீன் கூப்பிட்டார். "உங்க வீட்டுக் கிண்ணி இங்கயே இருக்கு. ஆள்கிட்டக் குடுத்து அனுப்பவா?"

கங்காணி நின்றார். திரும்பவில்லை. ஈரத் துண்டைப் பிழிந்து உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"ஆள்கிட்டயெல்லாம் வேணாம். கருமாதிக்கு அது வேணும். அதுக்கு முன்னாடி வீடு வந்து சேந்தாச் சரி."

நடந்தார். லயத்துப் பக்கம் திரும்பும் வளைவுவரை அவர் காது பின்னாலேயே இருந்தது. அங்கே போனபோது, பெஞ்சிலிருந்து பித்தளையை எடுக்கும் சின்னச் சத்தம் கேட்டது.